கட்டாக்காலியா, காக்க வேண்டிய இனமா?
நெடுந்தீவுக் குதிரைகளும் ஒரு பழைய கேள்வியும்

குதிரை தமிழ் மண்ணில் தோன்றிய விலங்கு அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், சரியாகப் பேணத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்துவைத்தார். விழுப்புரம் வட்டாரத்திலோ குதிரை கல்லிலும் மண்ணிலும் பாட்டிலும் நிற்கிறது. செஞ்சிக் கோட்டைக்குள் குதிரை லாயம் இருக்கிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட செஞ்சி அரசன் தேசிங்கின் கதைப்பாடலில் அவன் குதிரையும் ஒரு நாயகன். திண்டிவனம், மரக்காணம் பக்கத்து ஊர்களின் எல்லைகளில் ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரைகள் அணிவகுக்கின்றன. இவ்வளவு நினைவுகள் இருந்தும் தமிழ்நாட்டுக்கென ஒரு குதிரையினம் இல்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இதுவரை பதிந்துள்ள குதிரையினங்களில் மார்வாரி, காத்தியவாரி, மணிப்பூரி, ஸ்பிதி, ஜன்ஸ்காரி எல்லாம் உண்டு. தமிழகப் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஆனால் பாக் நீரிணைக்கு அப்பால், தமிழர் வாழும் ஒரு தீவில், கப்பலில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் கடிவாளமும் உடைமையாளரும் இன்றி இன்னும் மேய்கின்றன. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நெடுந்தீவுதான் அது. இந்தக் குதிரைகளைக் காக்க வேண்டுமா, எதன் பெயரால், யாருடைய பொறுப்பில் என்ற கேள்விக்கு உலகின் பல தீவுகளில் பலவிதமான விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம். இதன் வாதம் சுருக்கமானது: கைவிடப்பட்ட குதிரை காக்கத்தக்கதா என்பதை அதன் இரத்தத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, அது மேயும் புல்லில் வேறு யாருக்குப் பங்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி பிறந்த விதம்

நெடுந்தீவுக் குதிரைகளின் கதை குடியேற்ற ஆட்சிகளின் கதை. போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர்; 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது; 1790களில் ஆங்கிலேயர் வந்தனர். தீவின் குதிரைகளைப் போர்த்துக்கீசர் கொண்டுவந்தனர் என்றும் ஒல்லாந்தர் பண்ணை வைத்துப் பெருக்கினர் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அங்கே இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். தீவில் வளர்ப்பதற்குக் காரணம் எளிது. சுற்றிலும் கடல் இருக்க வேலி தேவையில்லை. திருட்டுப் பயம் குறைவு. படைக்கு வேண்டியபோது பிடித்துக்கொள்ளலாம். பண்ணை கைவிடப்பட்டபின் லாயத்தின் பவளக்கல் தூண்களும் குதிரைகளும் மிஞ்சின. காவல் காத்த கடலே சிறைச்சுவராகவும் ஆயிற்று.

யாழ்ப்பாணத் தமிழில் இதற்குப் பொருத்தமான ஒரு சொல் உண்டு: கட்டாக்காலி. கட்டிவைக்கப்படாமல் திரியும் கால்நடை என்று பொருள். வயலில் இறங்கும் மாட்டைக் குறிக்கும்போது அதில் எரிச்சல் தொனிக்கும். காட்டு விலங்கு என்றும் அதைச் சொல்ல முடியாது, வீட்டு விலங்கு என்றும் சொல்ல முடியாது. அறிவியலும் சட்டமும் தடுமாறுவது இந்த இடைநிலையில்தான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் காட்டினங்களுக்கானது. வளர்ப்பு விலங்கிலிருந்து திரிந்த கூட்டத்தை அது தனியினமாக மதிப்பிடுவதில்லை. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் கால்நடை அளவுகோலோ, இனப்பெருக்கத்துக்குரிய பெண்விலங்குகள் நூறு அல்லது அதற்குக் கீழ், அல்லது ஆண்கள் ஐந்து அல்லது அதற்குக் கீழ் என்றால் மிக அருகிய நிலை என நெடுங்காலமாக வரையறுத்து வந்தது. ஆனால் அந்த அளவுகோலை நீட்ட முதலில் அது ஓர் இனம் என்று பதிவாகியிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயரில்லாத விலங்கு அழிந்தாலும் அருகிய இனமாக அழிவதில்லை.

முதல் விடை: அந்நியன், அகற்று

சூழலியலாளர்களில் ஒரு பிரிவினரின் விடை கண்டிப்பானது. மனிதன் கொண்டுவந்து விட்ட விலங்கு, அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. எனவே அதைக் குறைக்கவோ அகற்றவோ வேண்டும் என்பது இவர்கள் நிலை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே வலுவான சான்று இருக்கிறது. வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரை சரணாலயத்தில் மட்டக்குதிரைகள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. மனிதர் வளர்த்துப் பின்னர் விட்டுவிட்டவற்றின் சந்ததி இவை. வெளிமானும் குதிரையும் மேயும் இடத்திலும் தின்னும் புல்லிலும் எந்த அளவு மோதிக்கொள்கின்றன என்பதைப் பாஸ்கரனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். இரண்டின் உணவும் வாழிடமும் கணிசமாக ஒன்றின்மேல் ஒன்று படிவதாகவும், இந்தப் போட்டி வெளிமானுக்குப் பாதகமாகக் கூடும் என்றும் அந்த ஆய்வு காட்டியது. சீமைக்கருவேலம் ஏற்கெனவே புல்வெளியை விழுங்கிவரும் இடத்தில் எஞ்சிய புல்லுக்கு இன்னொரு வாய் கூடுவது சிறிய சங்கதியில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலம், அது அளந்து பேசுவது. அதன் பலவீனம், ஓரிடத்தில் அளந்ததை எல்லா இடத்துக்கும் பொதுவிதியாக்குவது. நெடுந்தீவில் குதிரையோடு போட்டியிடும் வெளிமான் இல்லை. அங்கே தரவை எனப்படும் திறந்த புல்வெளியில் மேய்வன பெரும்பாலும் மாடும் ஆடும், அதாவது மனிதன் கொண்டுவந்த மற்ற விலங்குகள். அந்நியம் என்ற வாதத்தை அங்கே முழுமையாகப் பொருத்தினால் குதிரைக்கு முன் மாட்டை வெளியேற்ற வேண்டியிருக்கும். மேலும், எத்தனை நூற்றாண்டு கழிந்தால் ஒரு விலங்கு உள்ளூராகும் என்பதற்கு இந்த வாதத்திடம் ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு இல்லை. ஆனாலும் ஒன்றை இதனிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். குதிரையின் அழகை வைத்து முடிவெடுக்காதே, அது நிற்கும் நிலத்தின் கணக்கைப் பார் என்பதே அது.

இரண்டாம் விடை: மரபுச் சொத்து, பாதுகாத்திடு

எதிர்முனையில் நிற்பவர்கள் கால்நடை மரபியலாளர்களும் வரலாற்று ஆர்வலர்களும். தனித்த தீவில் பல தலைமுறை வாழ்ந்த கூட்டம், வெப்பம், உவர்நீர், அற்பப் புல் ஆகியவற்றைத் தாங்கிப் பிழைத்ததால், பண்ணைக் குதிரைகளில் இல்லாத தன்மைகளைக் காத்துவைத்திருக்கக்கூடும் என்பது இவர்கள் வாதம். நம் ஊர் மாடுகளைப் பற்றியும் இதே வாதம் வென்றிருக்கிறது. கலப்பினப் பாலின் காலத்தில் ஒதுக்கப்பட்ட உம்பளச்சேரி மாடு, சேற்றுவயலில் உழைக்கும் திறனுக்காக இன்று மதிக்கப்படுகிறது. குதிரையின் நிலையோ இன்னும் மோசம். 2012இல் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த இந்தியக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகச் சரிந்தன. ஏழே ஆண்டில் பாதியை நெருங்கும் இழப்பு. போலோ ஆட்டத்தின் தாயகமான மணிப்பூரில் ஏறத்தாழ 1,100 மணிப்பூரிக் குதிரைகளே எஞ்ச, அம்மாநில அரசு 2016இல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டிவந்தது. அங்கும் மூலக்காரணங்களில் ஒன்று இம்பாலின் லாம்பேல்பாட் போன்ற சதுப்பு மேய்ச்சல் நிலங்கள் சுருங்கியது.

இலங்கையில் இந்த விடைக்கு ஓரளவு அரச ஆதரவும் கிடைத்தது. 2015இல் நெடுந்தீவின் 1,846 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் இந்த நிலைப்பாட்டின் இடறல் அதன் மையச் சொல்லிலேயே இருக்கிறது. இனம் என்றால் என்ன? மார்வாரிக் குதிரைக்கு வளைந்த காதும், வம்சாவளி எழுதிய வளர்ப்போரும் உண்டு. தீவுக் குதிரைக்கு அப்படி யாரும் தேர்ந்து வளர்த்த தோற்றமில்லை. தேர்ந்தெடுத்தது வறட்சியும் தனிமையும்தான். போர்த்துக்கீச இரத்தம், அரபு இரத்தம் என்று சொல்லப்படுவனவும் பெரும்பாலும் குடியேற்ற வரலாற்றிலிருந்து ஊகித்தவை. இன்னொரு சிக்கல் எண்ணிக்கை. நெடுந்தீவில் ஏறத்தாழ 500 குதிரைகள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. குதிரைக் கூட்டத்தில் ஓர் ஆண்குதிரை பல பெண்குதிரைகளை வைத்துக்கொள்ளும். பல ஆண்கள் சந்ததியே இன்றி ஒதுங்கும். ஆகவே மரபியல் கணக்கில் 500 தலைகள் 500 ஆகா. குறுகிய காலத்துக்கு 50, நெடுங்காலத்துக்கு 500 என்று 1980இல் முன்வைக்கப்பட்ட புகழ்பெற்ற விதி பேசுவது செயல்திறன் கொண்ட இனப்பெருக்கத் தொகையைத்தான், தலையெண்ணிக்கையை அல்ல.

மூன்றாம் விடை: கைவைக்காதே

கனடாவின் சேபிள் தீவு மூன்றாம் விடைக்கு உதாரணம். அட்லாண்டிக்கில் நீண்டு கிடக்கும் அந்த மணல்திட்டில் 18ஆம் நூற்றாண்டில் விடப்பட்ட குதிரைகளின் சந்ததி வாழ்கிறது. அவற்றைப் பிடித்து விற்கும் திட்டம் எழுந்தபோது பள்ளிப் பிள்ளைகள் பிரதமர் டீஃபன்பேக்கருக்குக் கடிதம் எழுதினர். 1960களின் தொடக்கத்தில் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2013இல் தீவு தேசியப் பூங்காக் காப்பகமானது. குதிரைக்குத் தீவனம் போடுவதில்லை, மருத்துவம் செய்வதில்லை. கடுங்குளிர் ஆண்டில் சாவது சாகும், பிழைப்பது பிழைக்கும். மனிதத் தலையீடு இல்லாமலே ஒரு கூட்டம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கும் ஒன்றுவிட்ட உறவுகளுக்குள் இணைசேர்வதால் மரபு வளம் குறுகுவதும், மணல்மேட்டுத் தாவரங்கள் மீதான மேய்ச்சலின் தாக்கமும் விவாதத்தில் இருக்கின்றன.

இந்த விடையை வெப்பமண்டலத்துக்குப் பெயர்த்தால் அதன் அறம் மங்குகிறது. நெடுந்தீவில் ஆறில்லை. சுண்ணக்கல் நிலம் மழைநீரை நெடுநாள் தேக்கிவைப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் குதிரைகள் நீரின்றி மடிந்ததாகச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. மனிதன் வேலிபோட்டு, கிணற்றைக் கட்டி, நிலத்தைப் பங்குபோட்ட தீவில், தாகத்தால் சாகும் விலங்கைப் பார்த்து இது இயற்கை என்று சொல்வது எளிதில் பொறுப்பைக் கழற்றிவிடும் பேச்சாகலாம். கோடியக்கரையில் 2018 நவம்பரின் கஜா புயல் மான்களையும் குதிரைகளையும் வேறுபாடின்றி வாரிச் சென்றது. சிறிய, ஒடுங்கிய இடத்தில் நிற்கும் கூட்டத்தை ஒரே இரவால் பாதியாக்க முடியும். கைவைக்காமை ஒரு கொள்கையாக இருக்க வேண்டுமானால், கூட்டம் பெரிதாகவும் இடம் விரிவாகவும் இருக்க வேண்டும்.

கைவைப்பதிலும் நடுவழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் அசடீக் தீவில் மேரிலாந்து பக்கக் குதிரைகளுக்கு 1994 முதல் கருத்தடை ஊசி செலுத்தி எண்ணிக்கையை மட்டுப்படுத்துகின்றனர். வர்ஜீனியா பக்கக் கூட்டம் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குச் சொந்தம்; ஆண்டுதோறும் ஜூலையில் குட்டிகளை ஏலம் விட்டு, கூட்டத்தை 150 அளவில் நிறுத்துகின்றனர். ஒரே தீவு, இரண்டு நிர்வாகம். இரண்டும் ஓடுவதற்குக் காரணம், எண்ணுவதும் செலவழிப்பதும் யார் வேலை என்பது தெளிவாக இருப்பது.

நான்காம் விடை: மரபணுவைச் சேமி

கடைசி விடை ஆய்வகத்துடையது. பிரெஸ்வால்ஸ்கி குதிரை 1960களின் இறுதியோடு காட்டிலிருந்து மறைந்தது; விலங்குக்காட்சிச் சாலைகளில் எஞ்சிய சுமார் 12 மூதாதையரிலிருந்து பெருக்கி, 1992 முதல் மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பக் கொண்டுபோயினர். 1980இல் உறையவைத்த செல்லிலிருந்து 2020இல் ஒரு குட்டி நகலெடுக்கப்பட்டது. வியப்பு இதோடு முடியவில்லை. கடைசிக் காட்டுக்குதிரை எனப் போற்றப்பட்ட இதுவே, 5,000 ஆண்டுகளுக்கு முன் கசகஸ்தானில் பொதாய் மக்கள் வைத்திருந்த குதிரைகளின் தப்பிப்போன வழித்தோன்றலாக இருக்கலாம் என்று 2018இல் ஒரு மரபணு ஆய்வு வாதிட்டது. அந்த முடிவு விவாதத்துக்குரியதே. ஆயினும் அது சரியென்றால், உலகம் இத்தனை பாடுபட்டுக் காத்தது ஒரு கட்டாக்காலியை.

எஞ்சிய சிலவற்றிலிருந்து ஓர் இனத்தை மீட்டுவிடலாம் என்ற இதே நம்பிக்கை பஹாமாஸ் நாட்டு அபாக்கோ தீவில் தோற்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 200 ஆக இருந்த அபாக்கோ பார்ப் குதிரைகள் வேட்டையில் மூன்றாகக் குறைந்தன. அவற்றிலிருந்து 1990களின் தொடக்கத்தில் முப்பதுக்கு மேல் பெருகின. பிறகு அவை பைன் காட்டைவிட்டுப் பண்ணை நிலங்களின் செழித்த மேய்ச்சலுக்கு இறங்கின. உடல் பெருத்து, குட்டி ஈனுவது நின்றது. பூச்சிமருந்தும் ஒரு காரணம் எனக் காப்பாளர்கள் கருதினர். மிக அருகிய இனம் என்ற அடையாளமும் உலகக் கவனமும் கிடைத்தும், 2015இல் கடைசிப் பெண்குதிரை இறந்தது. நகலெடுப்புக்கென அதன் திசு சேமிக்கப்பட்டிருக்கிறது. திசு இருக்கிறது, அது பிழைத்து நிற்கத்தக்க மேய்ச்சல் நிலம்தான் கேள்வி. மரபணுச் சேமிப்பை வேண்டாமென ஒதுக்க இது காரணமாகாது. ஆனால் காப்பீட்டுச் சீட்டை வீடென்று நினைக்கலாகாது.

சட்டத்தில் எங்கே நிற்கின்றன?

இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்ச் பாலைவனத்தின் காட்டுக்கழுதைக்கு முதல் அட்டவணையில் இடம் தருகிறது. கோடியக்கரைக் குதிரையோ, அசாமின் திப்ரு-சைகோவா ஆற்றுத்திட்டுகளில் இரண்டாம் உலகப்போர்க் காலப் படைக்குதிரைகளின் சந்ததி எனக் கருதப்படும் கூட்டமோ அதில் இல்லை. வதைத்தடுப்புச் சட்டம் தனித்தனி விலங்கின் வலியைப் பற்றிப் பேசும். கூட்டம் ஒன்று அற்றுப்போவதைப் பற்றி அதற்குச் சொல்ல அதிகமில்லை. கால்நடைத் துறைக்கு உடைமையாளர் வேண்டும். வனத்துறைக்கு அட்டவணை வேண்டும். இரண்டுக்கும் நடுவே விழுவது கட்டாக்காலி. இலங்கை நெடுந்தீவில் செய்தது குறிப்பிடத்தக்கது: விலங்குக்குத் தகுதி தேடாமல் இடத்துக்குத் தகுதி கொடுத்தது. வேலை முழுமை பெற இடத்தோடு நீரும் கணக்கெடுப்பும் சேர வேண்டும் என்றாலும், திசை சரியானதாகவே தோன்றுகிறது.

எழக்கூடிய மறுப்புகள்

உலகில் சுமார் ஆறு கோடிக் குதிரைகள் இருக்க, இந்த ஐந்நூறுக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்பது முதல் மறுப்பு. இனமென்ற அளவில் குதிரை அழியப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் இதே தர்க்கம் கோடிக்கணக்கான மாடுகள் இருக்க உம்பளச்சேரி எதற்கு என்று கேட்கவும் பயன்படும். பன்மையின் மதிப்பு மொத்த எண்ணிக்கையில் தெரியாது. ஒரு சூழலுக்குப் பழகிய வகை மறையும்போதே தெரியும். இதையும் எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். தீவுக் குதிரையின் தனித்தன்மை மரபணுச் சோதனையால் உறுதிப்படும்வரை இது வலுவான கருதுகோள் என்ற அளவிலேயே நிற்கிறது.

மனிதருக்கே குடிநீர் போதாத தீவில் குதிரைக்குத் தொட்டி கட்டுவது நியாயமா என்பது இரண்டாவது. இது எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பு அல்ல. ஆனால் குதிரையும் மாடும் அருந்துவது ஒரே குட்டையில். மேய்வது ஒரே தரவையில். குளத்தைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குவது முதலில் தீவு மக்களின் கால்நடைக்குப் பயன்படும், குதிரைக்கு அடுத்ததாக. மக்களை விலக்கிவைத்துப் போடும் பாதுகாப்புத் திட்டம் நிலைக்காது என்பதற்கு இந்தியச் சரணாலயங்களிலேயே போதிய பாடம் உண்டு. நெடுந்தீவுக் குதிரை சுற்றுலாவுக்கு ஆள் இழுக்கிறது என்றால், அந்த வருவாயில் ஒரு பங்கு நீருக்குத் திரும்புவதே முறை.

நெடுந்தீவில் காக்கலாம் என்றால் கோடியக்கரையில் ஏன் கூடாது, இது இரட்டை அளவுகோல் அல்லவா என்பது மூன்றாவது. அளவுகோல் ஒன்றுதான், அளக்கப்படும் நிலங்கள் வேறு. கோடியக்கரையில் காப்பதற்கென்றே சட்டம் குறித்த ஒரு காட்டுயிர் இருக்கிறது, அதன் புல் சுருங்குகிறது. அங்கே குதிரையின் எண்ணிக்கையை வதையின்றிக் குறைப்பதும், சிலவற்றை வேறிடத்தில் பேணுவதும் நியாயமாகலாம். எனினும் சீமைக்கருவேலத்தை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் குற்றவாளியாக்கினால் வெளிமானுக்குக் கிடைப்பது அற்பமே.

எஞ்சி நிற்பவை

நான்கு விடைகளையும் நிறுத்துப் பார்த்தால் எதுவும் தனியே போதவில்லை. எதுவும் முழுதும் பிழையும் இல்லை. அகற்று என்பவர்கள் நிலத்தைப் பார்க்கக் கற்றுத்தருகின்றனர். காத்திடு என்பவர்கள் வரலாற்றையும் மரபையும். கைவைக்காதே என்பவர்கள் அளவுக்கு மீறிய தலையீட்டின் ஆபத்தை. சேமி என்பவர்கள் பேரிடருக்கு முன் தயாராக இருப்பதை. இவற்றை வரிசைப்படுத்தும் கேள்விகள் மூன்று. அந்த நிலத்தில் குதிரையால் இடம் இழக்கும் காட்டுயிர் உண்டா? அந்தக் கூட்டம் வேறெங்கும் இல்லாத மரபைச் சுமக்கிறதா? அதை எண்ணவும் நீர் காட்டவும் ஒரு கை நிலையாக இருக்கிறதா? நெடுந்தீவில் முதல் கேள்விக்கான விடை பாதுகாப்பின் பக்கம் சாய்கிறது. இரண்டாவது ஆய்வுக்குக் காத்திருக்கிறது. மூன்றாவதில்தான் எல்லாமே தொங்கிக்கொண்டிருக்கிறது.

இது விழுப்புரத்துக்குத் தொலைவான விவகாரமும் அன்று. திண்டிவனத்துக்குக் கிழக்கே கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மாடு மேயலாமா, எத்தனை மேயலாம், சீமைக்கருவேலத்தை என்ன செய்வது என்ற கேள்விகள் இதே வகையைச் சேர்ந்தவை. அதன் அருகே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு, கோடியக்கரையில் உள்ளதைப் போன்ற உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம். ஊர் அந்தக் காட்டை மரத்துக்கு மரம் எண்ணிக் காக்கவில்லை. தோப்பு முழுவதையும் சாமிக்கு விட்டது, மரங்கள் தாமே நின்றன. ஐயனாரின் மண்குதிரைக்குத் தண்ணீரும் தரவையும் வேண்டாம். உயிர்க்குதிரைக்கு அவை வேண்டும். அவற்றை யார் பொறுப்பில் விடுவது என்ற இடத்தில் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.